கிழக்கே திரும்பினால் பொங்கும் வண்டி: ஓர் என்டியூரோ பைக்கின் கூலன்ட் சூடு, நிகழ்வு ஆய்வு

வண்டி 450 சிசி. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், தார் ரோட்டுக்கு வெளியே ஓட்டுவதற்கென்றே செய்த என்டியூரோ ரகம். டேங்குக்கு இருபுறமும் ஒவ்வொரு அலுமினிய ரேடியேட்டர். இடது ரேடியேட்டருக்குப் பின்னால் மட்டும் ஒரு ஃபேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மொத்தம் 1.2 லிட்டர் பிடிக்கும். கம்பெனி கொடுத்த ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தம் வரை விடாது. ஓடுகிற இடம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே: இட்டேரிகள் (இருபுறமும் வேலி உள்ள மண்பாதைகள்), கொறங்காட்டு (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்து) ஓரங்கள், தண்ணீர் வற்றிய மணல் பள்ளங்கள். காலம் ஆடி.

வண்டிக்காரர் சொன்ன குறை சின்னதுதான்.

"ஃபேன் நிக்காம ஓடுதுங்ணா. ஆனாலும் இருவது நிமிசத்துல கூலன்ட் டப்பா பொங்கி ஊத்துது. ரோட்டுல போனா ஒண்ணுமில்லீங்."

"மேக்க போறப்பப் பொங்குதா, கெழக்க போறப்பப் பொங்குதா தம்பி?"

மெக்கானிக்கின் கேள்வி விளையாட்டாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வூட்டுக்குத் திரும்பி வாரப்பத்தானுங். கெழக்க" என்றார்.

இந்தப் பதில் கையில் இல்லாமல் ஸ்பேனரை எடுத்திருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்கும்.

காற்றின் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் முழு வேகத்தில் பாய்கிறது. இந்த ஊர்களைச் சுற்றிக் காற்றாலைகள் நட்டிருப்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், ரேடியேட்டருக்கு மட்டும் அந்தக் காற்று கிடைக்காமல் போகிறது என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு எளிது. ரேடியேட்டர் உணர்வது வண்டியின் வேகத்தையோ காற்றின் வேகத்தையோ தனித்தனியாக அல்ல. இரண்டுக்கும் உள்ள உறவைத்தான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மேற்கே போகும் வண்டிக்கு எதிரே 25 கி.மீ. காற்று வீசினால், ரேடியேட்டர் முகத்தில் அடிப்பது 45 கி.மீ. காற்று. அதே வண்டி அதே வேகத்தில் கிழக்கே திரும்பினால் மிஞ்சுவது கழித்தல் 5. காற்று முதுகுப் பக்கமிருந்து, எஞ்சின் வழியாக, ரேடியேட்டரின் பின்முகத்தைத் தொடுகிறது.

நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் போனால் கிழக்கே போனாலும் 45 கி.மீ. காற்று மிச்சம். அதனால்தான் "ரோட்டுல ஒண்ணுமில்லீங்." முதல் இரண்டு கியரில் ஊர்ந்து போகிற இட்டேரியில்தான் பின்காற்று கழுத்தைப் பிடிக்கும். இருபுறமும் கிளுவை வேலி அடர்ந்த இட்டேரி கிழக்கு மேற்காக ஓடினால் காற்று அதற்குள் குழாயில் போவதுபோலப் போகும். வடக்கு தெற்காக ஓடினால் வேலி காற்றை மறித்துவிடும்; அங்கே காற்றே இருக்காது, அதுவும் ஒரு வகைத் தொல்லை.

ஆனால் பின்காற்று எல்லா வண்டிக்கும் பொது. கூட வந்த மற்ற வண்டிகள் சூடாகினவே தவிரப் பொங்கவில்லை. ஆகவே காற்று இந்த வண்டியிலிருந்த குறையை வெளியே கொண்டுவந்தது, குறையை உண்டாக்கவில்லை. குறை வண்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே செய்திருந்த வைத்தியங்கள்

பட்டறைக்கு வருமுன்பே வண்டியில் நான்கு மாற்றங்கள் நடந்திருந்தன. நான்குமே பரவலாகச் செய்யப்படுபவை. நான்குமே இங்கே உதவவில்லை. நிலைமையை மோசமாக்கவே செய்தன.

முதலாவது, 1.1 பார் மூடியைக் கழற்றிவிட்டு 1.8 பார் மூடி போட்டது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது சரி. வெறும் தண்ணீரே 1.1 பார் மூடிக்குள் ஏறக்குறைய 122 டிகிரியிலும் 1.8 பார் மூடிக்குள் 131 டிகிரியிலும்தான் கொதிக்கும். ஆனால் மூடி சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. பொங்குவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் அழுத்தத்தை ஹோஸும் கிளிப்பும் வாட்டர் பம்ப் சீலும் தாங்கியாக வேண்டும்.

இந்த வண்டியில் இன்னொரு கூத்து. மூடியைச் சோதிக்கும் பம்பில் வைத்து அழுத்தியபோது 1.8 என்று பொறித்த மூடி சரியாகவே வேலை செய்தது. ரேடியேட்டர் கழுத்தில் மாட்டி அழுத்தினால் 0.7 பாரிலேயே விட்டுவிட்டது. கழுத்தின் வாய்விளிம்பிலிருந்து உள்ளே ரப்பர் உட்காரும் படி வரை ஆழத்தை வெர்னியரால் அளந்தபோது காரணம் தெரிந்தது. மூடியின் கால் இந்தக் கழுத்தின் ஆழத்துக்கு வேண்டிய நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. ரப்பர் படியைத் தொடுகிறது, ஆனால் ஸ்பிரிங் போதிய அளவு அமுங்கவில்லை. 0.7 பாரில் தண்ணீர் 115 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது காசு கொடுத்து வாங்கிய பெரிய மூடி, கம்பெனி மூடியைவிடச் சீக்கிரம் பொங்க வைத்திருக்கிறது. மூடி வாங்கும்போது பார் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் பழைய மூடியையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தது. "அடைப்பை எடுத்தா தண்ணி நல்லா ஓடும்" என்பது வாதம். பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது: சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், கூடவே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூடாகவே எஞ்சினுக்குத் திரும்பும். இந்த எஞ்சினில் பைபாஸ் உண்டு.

மூன்றாவது, ஒவ்வொரு முறை பொங்கிய பிறகும் தோட்டத்து போர்வெல் தண்ணீரை ஊற்றியது. சப்பத் தண்ணி, அதாவது உப்புத் தண்ணீர். கூலன்ட்டைச் செறிவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தபோது அதன் முக்கியச் சரக்கான கிளைக்கால் 15 சதவீதத்துக்கு வந்திருந்தது. மூடிக் கழுத்தின் உட்புறத்தில் கெட்டில் அடியில் படிவதுபோல வெள்ளைப் படிவு; நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வெளியே தெரிகிற இடத்தில் இவ்வளவு என்றால், சிலிண்டர் ஹெட்டுக்குள் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய வழியில், எங்கே சூடு அதிகமோ அங்கே, இதைவிடத் தடிமனாகத்தான் இருக்கும். உப்பு படிந்த உலோகம் சூட்டைத் தண்ணீருக்கு விடாது. கூலன்ட் மீட்டர் ஒழுங்காகக் காட்டும்போதே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

நான்காவது, ரேடியேட்டர்களுக்கு முன்னால் நெருக்கமான கம்பிவலைத் தடுப்பு. இதன் நோக்கம் நியாயமானது: முன்னால் போகிற வண்டி எறிகிற கல், வெள்வேலான் கிளை இரண்டிலிருந்தும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்னைக் காக்க. அதன் பின்விளைவுக்குக் கீழே வருவோம்.

அளந்து பார்த்தது

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் அளவு எடுக்கப்பட்டது. இது பற்றி ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: சூட்டுக் குறைக்கு வரும் வண்டியில் ஓரிடத்தில் மட்டும் வெப்பம் அளப்பது பயனற்றது. கைப்பிடியில் எரியும் எச்சரிக்கை விளக்கு இன்னும் மோசம். அது எரியும்போது கூலன்ட் கொதிநிலையை நெருங்கியிருக்கும். ரேடியேட்டருக்குள் நுழையும் முனை, வெளியேறும் முனை இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

வெப்பம் அளக்கும் இரண்டு தெர்மோகப்பிள் முனைகளை ரேடியேட்டரின் அலுமினியக் குழாய்முனைகளில் வைத்து, மேலே ஸ்பாஞ்சு சுற்றி, டேப் ஒட்டி, மீட்டரை டேங்க் பேக்கில் வைத்தால் போதும். துப்பாக்கி போலக் காட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் மீட்டரை நம்புபவர்கள் கவனிக்க: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பை அளந்தால்தான் சரியாக வரும்.

அளவைப் படிக்கும் முறை இது. ஒரே ஆர்பிஎம்மில் பம்ப் தள்ளும் அளவு மாறாது. அப்படியிருக்க, மேல் முனை மிகச் சூடாக, கீழ் முனை 20, 25 டிகிரி குறைவாக இருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது: பம்ப், தெர்மோஸ்டாட், காற்றுப்பூட்டு (வழியில் காற்று சிக்குவது), ரேடியேட்டர் டியூப் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் சேர்ந்து மேலே ஏறினால் தண்ணீர் வந்து போகிறது, சூட்டைத்தான் இறக்கி வைக்க இடமில்லை: ஃபின், ஃபேன், காற்றுவழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வெளி வெப்பம் 34 டிகிரி. 2 கி.மீ. இட்டேரி, இரண்டாம் கியர், 20 கி.மீ. வேகம். மேற்கே போகும்போது இடது ரேடியேட்டரில் மேல் முனை 96, கீழ் முனை 88, அங்கேயே நின்றது. திருப்பிக் கிழக்கே ஓட்டியதும் ஆறே நிமிடத்தில் மேல் முனை 114, கீழ் முனை 111. வித்தியாசம் எட்டிலிருந்து மூன்றுக்குச் சுருங்கிவிட்டது. 116 தொட்டபோது டப்பா பொங்கியது.

ஆகவே இது முதலில் காற்றுப் பக்கத்து நோய்.

கழற்றியபோது கிடைத்தவை

கம்பிவலையை எடுத்ததும் முதல் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. கொறங்காட்டில் வளர்வது கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு மேய்வது அதில்தான். அதன் கதிர் முழுக்க மெல்லிய பூமுடி. ஆடி வெயிலில் காய்ந்து, கை பட்டால் உதிரும். வண்டி புல்லை உரசிப் போகும்போது உதிர்கிற பூமுடி வலையின் கண்ணில் நுழையும் அளவுக்குச் சிறியது, ஃபின்னுக்குள் நுழையும் அளவுக்குச் சிறியதல்ல. வலைக்கும் ஃபின்னுக்கும் நடுவே ஒரு மெத்தை போலப் படிந்துவிட்டது. அதன்மேல் செம்மண் தூசி, பள்ளத்து ஈரம், மீண்டும் தூசி. முன்னாலிருந்து பார்த்தால் வலைதான் தெரியும், சுத்தமாகவே தெரியும். ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்து முன்னால் பார்த்தபோது கீழ் மூன்றில் ஒரு பங்கில் வெளிச்சமே வரவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசியும் இதையே செய்யும். அது ஈரம் பட்டால் ஊறி இன்னும் இறுகும்.

இரண்டாவது காரணம் ஃபேன். ஓடுகிறது, சத்தம் வருகிறது, கையை வைத்தால் காற்றும் படுகிறது. எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். ரேடியேட்டரின் முன்முகத்தில் ஒரு பில் காகிதத்தைப் பிடித்தபோது அது ஒட்டிக்கொள்வதற்குப் பதிலாகக் கையிலிருந்து விலகிப் பறந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பின்னால் மாட்டிய ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுக்க வேண்டும். இது எஞ்சின் பக்கத்துக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. பழைய கனெக்டர் உருகிப்போனதால் யாரோ இரண்டு புல்லட் கனெக்டர் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கறுப்பு ஸ்லீவ். டிசி மோட்டார், பிளஸ் மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஃபியூஸ் போகாது, விளக்கு எரியாது, சொல்ல ஆளில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கிழக்கே போகும்போது பின்காற்றும் முன்னால்தான் தள்ளுகிறது, தலைகீழ் ஃபேனும் முன்னால்தான் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து உதவத்தானே வேண்டும்? உதவாது. ரேடியேட்டரின் பின்முகத்தில் அளந்தபோது, எக்ஸாஸ்ட் குழாயையும் சிலிண்டரையும் தடவி வருகிற அந்தக் காற்று 68 டிகிரி. கூலன்ட் 105 டிகிரி என்றால், 34 டிகிரிக் காற்றோடு வித்தியாசம் 71. 68 டிகிரிக் காற்றோடு 37 மட்டும். அதே அளவு காற்று ஓடினாலும் பாதிச் சூட்டைத்தான் எடுக்கும். போதாக்குறைக்கு இறக்கையின் வளைவு ஒரு பக்கம் சுற்றவே செய்யப்பட்டது. எதிர்ப்பக்கம் சுற்றினால் காற்றின் அளவும் குறையும். மெதுவாக மேற்கே போகும்போதோ, எதிர்க்காற்றை ஃபேன் மறித்துத் தள்ளுகிறது. ஆடிக் காற்று பலமாக இருந்ததால் அந்த மறிப்பு தெரியாமல் போயிற்று.

மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் 13.9 வோல்ட், ஃபேன் முனையில் 12.6. இடையே 1.3 வோல்ட் எங்கோ தொலைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே தேட வேண்டும். ஃபிரேமில் எர்த் ஒயர் முறுக்கிய போல்ட்டின் அடியில் பெயின்ட், அதன்மேல் துரு.

சரிசெய்தது

முதலில் ஃபின். கம்பிவலையும் பிளாஸ்டிக் ஷ்ரவுடும் கழற்றி, ரேடியேட்டரை ஈரத்துணியில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தோட்டத்து ஹோஸில் சாதாரண அழுத்தத்தில் பின்னாலிருந்து முன்னால் தண்ணீர் விட வேண்டும். குப்பை வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் கன்னைப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. அலுமினிய ஃபின் காகிதத் தடிமன். சாய்வாக ஒரு முறை அடித்தால் ஒரு வரிசை முழுக்கப் படுத்துவிடும், படுத்த ஃபின் அடைத்த ஃபின்தான். ஏற்கெனவே மடங்கியவற்றை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இதில் குறுக்கு வழி இல்லை. பிறகு மறுபடி டார்ச்.

உப்புப் படிவுக்கு லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் பேட்டரி தண்ணீருக்கு 25 கிராம். ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, 60, 70 டிகிரியில் பதினைந்து நிமிடம்; ஆறவிட்டு வடித்தபோது தண்ணீர் கலங்கி வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பிறகு வெறும் பேட்டரி தண்ணீரில் மூன்று அலசல். பாத்ரூம் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும். புளி போட்டுத் தேய்க்க இது பித்தளைக் குடமும் அல்ல.

தெர்மோஸ்டாட் புதிதாகப் போடப்பட்டது, ஆனால் போடுமுன் பாத்திரத்தில் தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்கிப் பார்த்த பிறகு. அதன்மேல் பொறித்த எண்ணில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். நூலில் கட்டி நடுத்தண்ணீரில் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொட்டால் தப்பாகக் காட்டும்.

ஃபேன் ஒயரில் ஆண், பெண் மாறிப் பொருந்தாத இரட்டை முனை வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் போட்டாயிற்று. எர்த் போல்ட்டின் அடியைச் சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்கியதும் ஃபேன் முனையில் 13.6 வோல்ட். பில் காகிதம் ஒட்டிக்கொண்டது.

மூடி பழையபடி 1.1 பார். அழுத்த பம்பைக் கழுத்தில் மாட்டி 1.1 பார் ஏற்றிப் பத்து நிமிடம் விட்டபோது 0.9க்கு இறங்கியது. வலது கீழ் ஹோஸ் கிளிப்பில் ஒரு சொட்டு நின்றது. கிளிப் ஹோஸின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. குழாய் விளிம்பின் மேட்டுக்குப் பின்னால் தள்ளி முறுக்கியதும் முள் அசையவில்லை. மூடியின் அளவைத் தாண்டி ஒருபோதும் ஏற்றக் கூடாது.

கூலன்ட் 400 மி.லி., பேட்டரி தண்ணீர் 800 மி.லி. மூன்றில் ஒரு பங்கு. பாட்டிலில் பாதிக்குப் பாதி என்று போட்டிருப்பது பனி உறையும் நாடுகளையும் சேர்த்துச் சொல்வது. பாதிக்குப் பாதி கழித்தல் 37 டிகிரி வரை உறையாது. ஊட்டியின் உறைபனி இரவுக்குக்கூட மூன்றில் ஒரு பங்கு தாராளம். கிளைக்கால் கூடக் கூட கொதிநிலை ஏறும், ஆனால் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். தண்ணீரைவிட நன்றாகச் சூடு சுமக்கும் மலிவான திரவம் கிடையாது. அதற்காக மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேயும் போகக் கூடாது; துருத் தடுப்பு மருந்து நீர்த்துவிடும். இந்த விகிதம் 1.1 பார் மூடிக்குள் சுமார் 125 டிகிரி வரை கொதிக்காது. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்ற வேண்டும்.

ரேஸ் வண்டியில் வெறும் தண்ணீர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உலக மோட்டார் சைக்கிள் பந்தய அமைப்பான எஃப்ஐஎம்மின் ரோடு ரேஸ் விதிகளில் தண்ணீரும் எத்தில் ஆல்கஹாலும் தவிர வேறு அனுமதி இல்லை என்பது உண்மை. காரணம் குளிர்ச்சி அல்ல, தார்த் தடத்தில் கிளைக்கால் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். இட்டேரிக்கு அந்த விதி பொருந்தாது. சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் ரேடியேட்டருக்கு அது குடிநீர்தான். இங்கே வேண்டியது உப்பே இல்லாத தண்ணீர்.

ஊற்றிய பிறகு காற்று எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முன்சக்கரத்தை ஒரு அடி உயரக் கட்டையில் ஏற்றி, மூடி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வண்டியைச் சாய்த்து, ஹோஸ்களைக் கையால் பிசைந்து விட வேண்டும். பிறகு வலது ரேடியேட்டரின் மேல் உள்ள சிறு ஸ்க்ரூவைக் குமிழி நிற்கும்வரை தளர்த்தி வைக்க வேண்டும். எஞ்சினை மூடி இல்லாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சட்டென்று இறங்கும்போது மறுபடி நிரப்ப வேண்டும். ஃபின்னுக்கு மேல் ஒரு விரல் தடிமன் நிற்க வேண்டும். மறுநாள் காலை, முழுக்க ஆறிய பிறகு, இன்னொரு முறை மட்டம் பார்த்தால் எப்படியும் ஐம்பது மி.லி. கேட்கும். கேட்டது.

வடித்த பழைய கூலன்ட் குடத்தில் மூடி வைக்கப்பட்டது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், கன்றுக்குட்டி நக்கும், சிறுநீரகம் போய்விடும். கொறங்காட்டில் பொங்கி ஊற்றிய இடத்தில் மண்ணை அள்ளிப் புதைத்துவிட்டு வருவது வண்டிக்காரரின் கடமை. அது அடுத்தவர் மேய்ச்சல் நிலம். உள்ளே போவதற்கே அனுமதி கேட்டிருக்க வேண்டும். சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகப் பக்கம் இந்த வண்டியைத் திருப்பும் எண்ணமே வேண்டாம். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

இல்லை என்று உறுதி செய்தவை

பலமுறை பொங்கிய எஞ்சினில் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். கழுத்தில் வைத்துச் சோதிக்கும் நீல மருந்து, எரிந்த புகை கூலன்ட்டில் கலந்தால் மஞ்சளாகும். இங்கே நீலமாகவே இருந்தது. ஆயில் பால் போல வெளுக்கவில்லை. வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சிறு துளை காய்ந்திருந்தது. அதில் கூலன்ட் சொட்டினால் தண்ணீர்ப் பக்கத்து சீல், ஆயில் சொட்டினால் ஆயில் பக்கத்து சீல். இரண்டும் இல்லை. வலது ரேடியேட்டரின் ஒரு மூலையில் பழைய எபாக்ஸி ஒட்டு இருந்தது, அழுத்தத்தில் தாங்கியது. அது விடும்போது ஆர்கன் வெல்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் ரேடியேட்டர் பார்க்கும் கைதேர்ந்தவர்கள் நிறைய. ஆனால் செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கும் வேலையும் அலுமினிய வேலையும் வேறு வேறு. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மறு ஓட்டம்

அதே இட்டேரி, அதே கியர், வெளி வெப்பம் 34. மேற்கே 88, 80. கிழக்கே மேல் முனை 103இல் ஏறி நின்றது. கீழ் முனை 96. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, பொங்கவில்லை.

103 இன்னும் அதிகம் அல்லவா, வலதிலும் ஒரு ஃபேன் போடலாமா என்பது அடுத்த கேள்வி. கொதிநிலைக்கு இன்னும் 20 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு அது போதும். இரண்டாவது ஃபேன் போடுவதென்றால் ஐடிலில் இரண்டு ஃபேனும் ஹெட்லைட்டும் ஓடும்போது பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இறங்கினால் இரண்டு ஃபேனும் வேகம் குறைந்து சுற்றும், பேட்டரியும் காலியாகும். அந்தப் பணத்தில் நெருக்கமான வலையை விட்டுவிட்டு, அகலக் கண் உள்ள, இரண்டு கிளிப்பில் கையாலேயே கழலும் தடுப்பு வாங்குவது மேல். ஃபேன் கூட்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தது. அதை ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி அடைத்தார்கள், ஃபேன் இழுக்கும் காற்று சந்து வழியாகச் சுற்றாமல் ஃபின் வழியாகவே வரட்டும் என்று.

ஓட்டுபவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. மணல் பள்ளத்தில் அரை கிளட்சில் உறுமிக்கொண்டு போவதைவிட ஒரு கியர் கூட்டி, கிளட்சை முழுக்க விட்டு ஓட்டினால் சூடு குறையும். நிற்கும்போது வண்டியின் மூஞ்சியை மேற்கே திருப்பி நிறுத்த வேண்டும். செலவில்லாமல் கிடைக்கிற 25 கி.மீ. காற்று அது. பொங்காமல் சூடாக மட்டும் இருந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைக்கலாம். சூடான உடனே அணைத்தால் பம்ப் நின்று, ஹெட்டில் தேங்கிய சூடு அங்கேயே இருக்கும் கூலன்ட்டைக் கொதிக்க வைக்கும். ஏற்கெனவே பொங்கத் தொடங்கிவிட்டால் உடனே அணைக்க வேண்டும். மேல் ஹோஸைக் கையால் கசக்க முடிகிற அளவு தளரும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. அரை மணிக்கு மேல் ஆகும். பையில் அரை லிட்டர் பேட்டரி தண்ணீர் இருந்தால் போர்வெல் பக்கம் போக வேண்டியதில்லை.

ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும். ஆடி அளவுக்கு வேகம் இருக்காது, ஆனால் மெதுவாக ஓட்டுபவர் அப்போது மேற்கே போகும்போதுதான் முள்ளைப் பார்க்க வேண்டும். பூமுடியின் இடத்தை அந்த மாதத்தில் சேறு பிடித்துக்கொள்ளும். தாராபுரத்துக் கரிசல் ஃபின்னுக்குள் காய்ந்துவிட்டால் ஊறவைக்காமல் எடுக்க முடியாது. ஈரம் இருக்கும்போதே, அன்று சாயங்காலமே, பின்னாலிருந்து ஹோஸ் விட்டுவிட வேண்டும்.